தராசுல எத்தனை கிலோ?

2012 டிசம்பர், பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நான் வாங்கியது 31. அறிவியல் 42, சமூக அறிவியல் 38. ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரமே விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஃபெயில் ஆனதுகூட அவ்வளவாக வலிக்கவில்லை. எங்கள் வகுப்பில் என்னைவிட அதிக நேரம் படித்தவள் யாருமே கிடையாது என்பதுதான் வலித்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுவேன், கம்பளியைப் போர்த்திக்கொண்டு புத்தகத்தைத் திறப்பேன், ஆறரை வரைக்கும் படிப்பேன். முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடு போடுவேன். இரண்டாவது தடவை வேறு நிறத்தில் போடுவேன். அறிவியல் புத்தகத்தில் கோடு போடாத வரியே இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஆகியிருந்தது.

எங்கள் வீடு நீலகிரியில் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பம். அதனால் இன்றைக்கும் பால் ஊற்றாத தேநீர் எங்களுக்குப் பிளேன்டீதான், இலை பறிப்பது கொழுந்து எடுப்பதுதான். அப்பா இறந்த பிறகு அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில்தான் அண்ணனும் நானும் படித்தோம். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை.

அன்றைக்கு மார்க்கைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டே, "நாலு மணிக்கு எந்திரிச்சுதானம்மா படிச்சேன்" என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

"எத்தன மணிக்கு எந்திரிச்சேன்னு என்கிட்ட சொல்லாத. நான் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மலைல நிக்கிறேன். எத்தன மணி நேரம் நின்னேன்னு எவனாச்சும் கேக்குறானா? தராசுல எத்தன கிலோன்னுதான் கேக்குறான்."

அம்மாவிடம் ஒரு சின்ன நோட்டு உண்டு. ஒவ்வொரு எடையையும் அதில் எழுதி வைப்பார். காலை 11, மதியம் 13, சாயங்காலம் 8, ஆக 32. கணக்குப்பிள்ளையின் பேரேட்டோடு ஒத்துப் பார்க்கத்தான் அந்த நோட்டு. கோபத்தில் அதை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை தராசு இருக்கிறது. எனக்குத் தராசு என்பதே காலாண்டு, அரையாண்டு என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். நடுவில் சாக்கு நிறைகிறதா இல்லையா என்று தெரியாமலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் ராத்திரி சமையல் முடிந்ததும் அறிவியல் புத்தகத்தை அம்மா கையில் கொடுத்தேன். நாளமில்லாச் சுரப்பிகள் பாடம். நான் பார்க்காமல் சொல்கிறேன், நீங்கள் பார்த்துக்கொண்டே வாருங்கள் என்றேன். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "பிட்… யூட்…டரி" என்று அவர் விரல் வைத்துக் கண்டுபிடிப்பதற்குள் நான் அடுத்த வரிக்குப் போயிருப்பேன், "நில்லு நில்லு" என்பார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அப்புறம்?"

தைராய்டு சுரப்பி எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அப்புறம்? தைராக்ஸின் சுரக்கிறது. அப்புறம்? வளர்சிதை மாற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. அப்புறம்? அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கோடு போட்ட பக்கம் கண் முன்னால் தெரிகிறது, இடது பக்கம் மேலே பச்சை நிறக் கோடு என்பதுகூட ஞாபகம் இருக்கிறது, அந்தக் கோட்டுக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்பதுதான் தெரியவில்லை. தினமும் 7.20 பஸ்ஸில் ஏறுகிற ஒருவரை மூன்று வருஷமாகப் பார்த்திருப்போம். முகம் பழக்கம், உட்காரும் சீட்டுகூடத் தெரியும். பேர் என்ன என்று யாராவது கேட்டால் முழிப்போம். நான் நாலு மணிக்கு எழுந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த மாதிரி முகப் பழக்கம்தான்.

அம்மாவே மிச்சத்தைப் படித்தார். அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை. படித்துவிட்டுப் புத்தகத்தை இறக்கி, "சிலோன்ல நம்ம கங்காணி வூட்டுப் பாட்டிக்குக் கழுத்துல தொங்குமே, அதா இது?" என்று கேட்டார். அந்தப் பாட்டியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அயோடின் என்றால் இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பாட்டிதான். பாடத்தில் இருப்பது நமக்குத் தெரிந்த ஒரு ஆளோடோ இடத்தோடோ போய் ஒட்டிக்கொண்டால் பிறகு உரிப்பது கஷ்டம். அன்று முதல் ஒவ்வொரு பாடத்திலும் "இது நம்ம ஊர்ல எங்க இருக்கு?" என்று தேட ஆரம்பித்தேன். மண் அரிப்புக்கு எஸ்டேட் சரிவு இருந்தது. நீராவி ஆவதற்கும் குளிர்வதற்கும் பக்கத்து ஃபாக்டரி இருந்தது. எல்லாவற்றுக்கும் கிடைக்காது, கிடைத்தவரை லாபம்.

பிறகு பி.எட். படிக்கும்போதுதான் இதற்கெல்லாம் ஆராய்ச்சியே இருக்கிறது என்று தெரிந்தது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை. கல்லூரி மாணவர்களில் சிலரை ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தார்கள், சிலரைப் படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்க்கவைத்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அது தலைகீழாகிவிட்டது. அந்த ஐந்து நிமிஷத்துச் சந்தோஷம்தான் நம்மை ஏமாற்றுவது. ஆறரைக்குப் புத்தகத்தை மூடும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்குமே, அது.

சரி, ஜனவரி முதல் வாரத்திலிருந்து பொதுத்தேர்வுக்குச் சுமார் 80 நாள் இருந்தது. முதல் வேலையாக நான் செய்தது ஒரு முட்டாள்தனம். ஆறு நிற ஸ்கெட்ச் பேனாவில் டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அரை மணிக்கு ஒரு பாடம். அது ஒரு நாள் ஓடியது. மறுநாள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும் வழியில் காட்டுமாட்டுக் கூட்டம் பாதையை மறித்து நின்றது. முக்கால் மணி நேரம் நாங்கள் ஏழு பேர் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்தபோது இயற்பியல் நேரம் முடிந்து வேதியியலும் பாதி முடிந்திருந்தது. மலையில் இருக்கிறவர்கள் மணி போட்டு டைம்டேபிள் எழுதக் கூடாது என்பது என் கட்சி. மழை, மேகம், கரடி, பஸ் வராதது என்று தினம் ஒன்று வரும். "இன்றைக்கு முடிக்க வேண்டியது இவ்வளவு" என்று எழுதினால் போதும். எந்த நேரத்தில் முடித்தாலும் முடித்ததுதான்.

டைம்டேபிளைக் கிழித்துவிட்டு எதிரே பார்த்தால் தினசரிக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மளிகைக் கடையில் கொடுத்தது, புது வருஷக் காலண்டர், முன்னூற்றுச் சொச்சம் தாள்கள் அப்படியே இருந்தன. அதில்தான் என் படிப்பே நடந்தது.

ஜனவரி 7-ஆம் தேதி ஓம் விதி படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, காலண்டரில் 8-ஆம் தேதித் தாளைத் தூக்கி அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதுவேன்: "ஓம் விதி, படம், சமன்பாடு." அதே கேள்வியை 11-ஆம் தேதித் தாளிலும், 18-ஆம் தேதியிலும், பிப்ரவரி 7-ஆம் தேதியிலும் எழுதிவிடுவேன். அப்புறம் அதை மறந்துவிடலாம். அந்தந்தத் தேதி வரும், காலையில் தாளைக் கிழித்துத் திருப்பினால் கேள்வி வந்து நிற்கும். விடையை அங்கே எழுதக் கூடாது, கேள்வி மட்டும்தான். பல் விளக்கிக்கொண்டே யோசிக்கலாம், பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும் இரண்டு கிலோமீட்டரில் சொல்லிப் பார்க்கலாம். மேகம் மூடி மழை தூறும் நாளில் புத்தகத்தை வெளியே எடுக்கவும் முடியாது, மடித்த காலண்டர் தாள் சட்டைப் பையில் இருந்தால் போதும்.

பார்க்காமல் வந்துவிட்டால் தாளை அடுப்பில் போட்டுவிடுவேன். வராவிட்டால் அந்தக் கேள்வியை மறுபடி நாளைய தாளில் எழுதுவேன், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். சில கேள்விகள் என்னைவிட்டுப் போகவே மாட்டேன் என்று அடம் பிடித்தன. ஹார்மோன் பேரெல்லாம் வந்துவிட்டது, கார்பன் சேர்மங்களுக்குப் பேரிடுவது மட்டும் பிப்ரவரி முழுக்க என்னோடு வந்தது.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் எழுதியிருக்கிறார். மறதி முதல் நாளிலேயே மளமளவென்று இறங்கி, பிறகு மெதுவாகிறது. அதனால்தான் முதல் திருப்புதலை மறுநாளே வைத்துவிட வேண்டும், போகப் போக இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம். எனக்கு அப்போது எபிங்ஹாஸும் தெரியாது, ஒன்றும் தெரியாது. மறுநாளே பாதி மறந்துபோகிறதே என்ற எரிச்சலில்தான் மறுநாள் தாளில் எழுதினேன்.

விடியற்காலைப் படிப்பையும் அந்த ஜனவரியில்தான் விட்டேன். இதைச் சொன்னால் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். காலையில் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்பது தமிழ்நாட்டில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. சமவெளியில் அது சரியாக இருக்கலாம். ஊட்டி அளவுக்கு எங்கள் பக்கம் உறைபனி கொட்டாது என்றாலும், ஜனவரியில் நாலு மணிக்குத் தரையில் கால் வைக்க முடியாது. கம்பளிக்குள் உட்கார்ந்தால் கண் வரியில் இருக்கும், ஆள் தூங்கியிருப்பாள். சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பது வரை உட்கார்ந்துவிட்டு, ஒன்பதரைக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழுவது என்று மாற்றினேன். படித்தது மூளையில் தங்குவதற்குத் தூக்கம் வேண்டும். காலையில் புதிதாக எதையும் தொடுவதில்லை, முந்தின நாள் படித்ததை எழுதிப் பார்ப்பது மட்டும்தான். எழுதும்போது தூங்க முடியாது, அதுவும் ஒரு லாபம்.

கணக்குக்கு வருகிறேன். 31 என்பது கணக்கில்தானே.

எங்கள் காலத்துக் கணக்கு வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கு 10, வரைபடத்துக்கு 10, ஆக 20 மதிப்பெண். இப்போது 8, 8 என்று 16. அரையாண்டில் இந்த இருபதில் நான் வாங்கியது ஐந்து. வட்டத்துக்குத் தொடுகோடு வரையும்போது காம்பஸ் வழுக்கி, வட்டம் தொடங்கிய இடத்தில் போய் முடியவில்லை. விரல் மரத்துப்போயிருந்தது. இது படிப்பே இல்லை, கை வேலை. கொழுந்து கிள்ளுவது மாதிரி, சமையலில் காய் நறுக்குவது மாதிரி, தினம் செய்தால் வரும், தினம் செய்யாவிட்டால் எவ்வளவு புரிந்திருந்தாலும் வராது.

அதனால் தினமும் சாயங்காலம் உட்கார்ந்ததும் முதல் வேலை ஒரு வடிவியல் படம். முதலில் ஒரு டம்ளர் பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன், விரலில் சூடு ஏறும்வரை. அப்புறம் பென்சிலைச் சீவுவேன். காம்பஸில் பென்சில் முனையும் ஊசி முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், காம்பஸின் திருகு இறுகியிருக்க வேண்டும். ஆட்டம் கண்ட காம்பஸை வைத்துக்கொண்டு கடவுளைக் கும்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. உதவிப்படம் முதலில், அளவுகளை அதில் குறித்துவிட வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. பிறகுதான் உண்மைப் படம். வில் போட்ட கோடுகளை அழிக்கக் கூடாது, திருத்துகிறவர் அதைத்தான் தேடுவார். ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம். முதல் நாள் இருபத்திரண்டு நிமிஷம் ஆனது, பிப்ரவரி நடுவில் ஒன்பதுக்கு வந்துவிட்டேன். வரைபடத்தில் நான் இழந்ததெல்லாம் சில்லறை: x அச்சு, y அச்சு பேர் எழுதாதது, அளவுத்திட்டம் எழுதாதது, புள்ளிகளை ஸ்கேலால் இணைத்தது. இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் பரவளையம், அதைக் கையால் வளைத்துத்தான் இணைக்க வேண்டும்.

மற்ற கணக்குகளில் வேறு ஒரு கோளாறு. பயிற்சி 2.4 என்று தலைப்பைப் பார்த்துப் போடும்போது எல்லாக் கணக்கும் வரும், ஏனென்றால் அந்தப் பயிற்சியில் இருப்பதெல்லாம் கூட்டுத்தொடர்தான், சூத்திரம் எது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. தேர்வில் தலைப்பு இருக்காது. ஒரு கூம்பை உருக்கிக் கோளமாக்கினார்கள் என்று வந்தால், கன அளவைச் சமப்படுத்துவதா, புறப்பரப்பா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கும் பழக்கமே எனக்கு இல்லை. அண்ணன்தான் வழி சொன்னான். வெவ்வேறு பயிற்சியிலிருந்து கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டோம். தினம் ஐந்து சீட்டு எடுக்க வேண்டும். முதல் வாரம் ஐந்தில் இரண்டுதான் வந்தது, அழுகையாக வந்தது. ஆனால் அந்த இரண்டு நிஜமான இரண்டு. பயிற்சி வாரியாகப் போட்டு வந்த பத்துக்குப் பத்து நிஜமில்லை.

பொதுத்தேர்வில் கணக்கில் 79 வாங்கினேன். மொத்தம் 391. மாவட்ட முதலிடம் எல்லாம் இல்லை, பேப்பரில் போட்டோ வரவில்லை. ஆனால் கேட்ட குரூப் கிடைத்தது.

இந்தக் கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம் அண்ணன் மகள். இந்த வருஷம் அவள் பத்தாவது. நான் கோத்தகிரியில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், சாயங்காலம் அவளோடு உட்காருகிறேன். அரையாண்டில் அவளுக்குக் கணக்கு 47. என்னைவிடப் பரவாயில்லைதான், ஆனால் அவள் முகத்தில் இருந்தது அதே அழுகை. "நல்லாத்தான் படிச்சேன் அத்தை."

விடைத்தாளை வாங்கிவரச் சொன்னேன். திட்டுவதற்காக அல்ல, போன 53 மதிப்பெண் எங்கே போனது என்று பார்ப்பதற்காக. ஒவ்வொரு கேள்வியாகப் பிரித்தோம். தொடவே தொடாத பாடத்திலிருந்து வந்து போனது 21. படித்திருக்கிறாள், அந்த நேரத்தில் வரவில்லை என்று போனது 18. தெரிந்தும் நேரம் போதாமலோ, குறியைத் தப்பாகப் போட்டோ போனது 14. மூன்றும் மூன்று வியாதி, ஒரே மருந்து உதவாது. முதலாவதற்குப் பாடத்தை நடத்த ஆள் வேண்டும், அதற்கு ஆசிரியரிடம்தான் போக வேண்டும், வெட்கப்படக் கூடாது. இரண்டாவதற்குக் காலண்டர். மூன்றாவதற்கு மணி பார்த்து முழுத்தாள் எழுதுவது. "இன்னும் நல்லாப் படி" என்று ஒற்றை வரியில் சொல்லும் பெரியவர்கள் இந்த மூன்றையும் ஒரே சாக்கில் கட்டுகிறார்கள்.

இப்போதைய கணக்கு வினாத்தாளை எடுத்து அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் 14 கேட்டு 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண்ணில் 14 கேட்டு 10 எழுத வேண்டும், பிறகு அந்த இரண்டு எட்டு மதிப்பெண். நேரம் மூன்று மணி, எங்களுக்கு இரண்டரைதான் இருந்தது. கூடவே வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிஷம் தனியாகத் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் பயப்படுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். பதினாலு ஐந்து மதிப்பெண் கேள்வியில் எந்தப் பத்து என்று அப்போதே மனதில் முடிவு செய்துவிட வேண்டும். 28-ஆம் கேள்வியும் 42-ஆம் கேள்வியும் கட்டாயக் கேள்விகள், அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். இவள் அரையாண்டில் ஒரு கணக்கைத் தொடங்கி, பாதியில் அடித்துவிட்டு, வேறு கணக்குக்குப் போய், அதையும் அடித்திருக்கிறாள். இரண்டு பக்கம் அடித்தலே இருந்தது.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்துத் தேர்வில் 20-ம் செய்முறையில் 15-ம் தனித்தனியாக எடுத்தால்தான் தேர்ச்சி. செய்முறைதானே என்று அந்த ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்தில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கையில் கொடுக்கிற மதிப்பெண் அது.

தேறுவது கஷ்டம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு மினிமம் மெட்டீரியல் என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கிறார்கள். 35 வாங்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஜனவரியிலேயே ஒரு பிள்ளை கையில் அதைக் கொடுத்து "உனக்கு இது போதும்" என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளையும் அதை நம்பிவிடும். போனில் வருகிற "கண்டிப்பாக வரும் 20 கேள்விகள்" வீடியோக்களும் அதே ரகம். புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் கேள்விகளை முழுதாக முடிக்காமல் அந்த வீடியோவைப் பார்க்கிற நேரத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

காலண்டர் முறையை அவளிடம் கொடுத்தபோது அது நான் நினைத்த மாதிரி ஓடவில்லை. ஆர்வத்தில் ஒரே நாளில் பன்னிரண்டு கேள்விகளை எழுதினாள். அவை எல்லாம் நாலாம் நாள், பதினோராம் நாள் என்று கூட்டமாகத் திரும்பி வந்தன. அதோடு ஊரில் ஒரு கல்யாணம், மூன்று நாள் தாளே கிழிக்கவில்லை. நாலாவது நாள் முப்பது கேள்விகளைப் பார்த்ததும் காலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டாள். இரண்டு திருத்தம் செய்தோம். ஒரு தாளுக்கு ஆறு கேள்விக்குமேல் கிடையாது. விட்டுப்போன நாட்களின் கேள்விகளை அள்ளிப் போட்டுப் படிக்கக் கூடாது, இன்றைய தாளை முடித்துவிட்டு, பழையதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சம் தானாக அடுத்த முறை வரும்.

சமூக அறிவியலில் ஆண்டுகள்தான் அவளுக்கு எமன். அதற்கு அவளே ஒன்று கண்டுபிடித்தாள், நான் சொல்லித் தரவில்லை. லைனிலிருந்து மேல் ரோட்டுக்கு ஏறும் பாதையில் கல் படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு ஆண்டு. கீழே குழாயடி 1885, காங்கிரஸ் தொடக்கம். முதல் திருப்பம் 1905, வங்கப் பிரிவினை. சில்வர் ஓக் மரத்தடி 1919, ஜாலியன்வாலா பாக். அங்கிருந்து மூச்சு வாங்க ஏறினால் 1920 ஒத்துழையாமை, அடுத்த படியிலேயே 1922 சௌரி சௌரா, இயக்கம் நின்றுவிடுகிறது, அவளும் அங்கே நின்று மூச்சு விடுவாள். மேட்டுப் பிள்ளையார் கோயில் 1930, உப்புச் சத்தியாகிரகம். ரோட்டில் கால் வைத்தால் 1942. தினமும் பஸ்ஸுக்கு ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு தடவை. இறங்குகிற வரிசையில் சொல்வதுதான் கஷ்டம், அதனால்தான் அது நல்லது. வரைபடத்துக்கு அவள் செய்வது வேறு: வெற்று இந்திய வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்காமல் குறிப்பது. அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு இப்போது கண் புரை. எழுத்துக் கூட்டக்கூட முடியாது. இருந்தாலும் ராத்திரி எட்டரைக்கு அடுப்பு ஓரத்தில் பேத்தி போய் உட்காருவாள், "அப்பாயி, கேளு." அம்மா கையில் புத்தகமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் வேண்டுமென்றே அவள் கதை விட்டாள். நெஃப்ரானைப் பற்றிப் பாதி தெரிந்து பாதியைச் சொந்தமாக நிரப்பிக்கொண்டே போனாள். அம்மா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, "இழுக்குற புள்ள. உனக்குத் தெரியல" என்றார். புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். சரியாக அந்த இடத்தில்தான் தப்பு. குரல் எங்கே தடுமாறுகிறது என்று கேட்பதற்கு உயிரியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போய்விட்டு அலுத்து வருகிற பெற்றோர், "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே, நாங்க எப்படிச் சொல்லிக்குடுக்குறது" என்று என்னிடம் சொல்வார்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம், உட்கார்ந்து அப்புறம், அப்புறம் என்று கேளுங்கள் என்பேன். கால் மணி நேரம் போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முழுத்தாள். காலை பத்து மணிக்கு, தேர்வு நேரத்திலேயே. போன் அண்ணன் கையில். முதல் ஞாயிறு கடைசி நான்கு ஐந்து மதிப்பெண் கணக்குகளுக்கு நேரமே இல்லை. ஒரு மதிப்பெண் கேள்விகளில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள் என்று கடிகாரம் காட்டியது. அடுத்த வாரம் பதினைந்து நிமிஷத்துக்குமேல் அங்கே நிற்கக் கூடாது என்று வைத்தோம். தப்புகளுக்கு ஒரு தனி நோட்டு. கேள்வி எண், என்ன தப்பு, ஏன், அவ்வளவுதான். அம்மாவின் கிலோ நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, அதன் கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தன. அதிலேயே எழுதச் சொன்னேன்.

தேர்வு நாளுக்கு என்று மலைப் பிள்ளைகளுக்குச் சில விஷயம் இருக்கிறது. தேர்வு மையம் பெரும்பாலும் வேறு பள்ளியாக இருக்கும். ஒரு தடவை முன்கூட்டியே போய் வந்துவிட வேண்டும், எந்த பஸ், அது வராவிட்டால் எந்த ஜீப் என்பது உட்பட. மார்ச்சில் மதியம் வெயில் சுடும், ஆனால் பத்து மணிக்கு அறைக்குள் விரல் இன்னும் விறைத்துத்தான் இருக்கும். சின்ன ஃபிளாஸ்கில் வெந்நீர், உள்ளே போகும் முன் மூடியில் ஊற்றிப் பிடித்துக்கொள்ளலாம். எழுதிப் பழகிய பேனாதான், புதுப் பேனா கூடாது. வெளியே வந்ததும் விடையை ஒப்பிட்டுப் பார்க்கிற கூட்டத்தில் நிற்கக் கூடாது, நான் தமிழ் முதல் தாளுக்கு அப்படி நின்று, இரண்டாம் தாளுக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

முதல் திருப்புதல் தேர்வில் அவளுக்குக் கணக்கு 58. இரண்டாவதில் 66. தொடாத பாடங்களில் முக்கோணவியல் இன்னும் அப்படியே கிடக்கிறது, கணக்கு ஆசிரியர் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அறிவியலில் லென்சின் கதிர்ப்படம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது. குவிலென்சில் பொருளை F-க்கும் 2F-க்கும் நடுவில் வைத்தால் பிம்பம் எங்கே விழும் என்று நேற்று ராத்திரி கேட்டேன். யோசித்தாள், தலையைச் சொறிந்தாள், பிறகு எழுந்துபோய் காலண்டரில் நாளைய தாளைத் தூக்கி, பின்பக்கம் பென்சிலால் எழுதிவிட்டு வந்து படுத்தாள்.